சொல்லி வைத்தால் வரும் சந்திரலேகா

பழைய திரைப்படங்களைக் கடையிற் சொல்லி வைத்து, இறுவட்டிற் பதிவு செய்வித்துப் பெறும் வழக்கம் கொழும்புத் தமிழ்க் குடும்பங்களிடையே இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. வெள்ளவத்தைக் காலி வீதியிலும் கொட்டாஞ்சேனைச் சந்திகளிலும் இறுவட்டுக் கடைகள் மலிந்திருந்த காலம் ஒன்றுண்டு. 2000ஆம் ஆண்டை அடுத்து வந்த பத்துப் பதினைந்து ஆண்டுகள் அக்கடைகளின் பொற்காலம் எனலாம். பின்னர் கைப்பேசியும் இணையமும் வந்து அந்த வியாபாரத்தின் பெரும்பகுதியைக் கொண்டு போயின. எனினும், வீட்டில் அம்மம்மா ஒருவர் இருந்து, அவர் இளமையிற் பார்த்த படம் ஒன்றைக் காண ஆசைப்பட்டாராயின், பேரப்பிள்ளைகள் அப்படத்தின் பெயரை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு போவதற்கு இன்னும் சில இடங்கள் இருக்கின்றன. “நாளைக்கு வாருங்கள், அடித்துத் தருகிறோம்” என்ற பதிலும் கிடைக்கின்றது.

மறுநாள் இறுவட்டு வீட்டுக்கு வருகின்றது. குடும்பமே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கூடுகின்றது. திரையில் தோன்றுவதோ மூக்கும் விழியும் பிரித்தறிய முடியாத வெளிறிய முகங்கள். எல்லாரும் இயல்புக்கு மாறாகப் பருத்துத் தோன்றுகிறார்கள். பாட்டின் நடுவே ஒரு சரணத்தைக் காணோம். மூலையில் ஏதோவொரு தொலைக்காட்சி நிலையத்தின் முத்திரை பொட்டு வைத்தாற்போல் நிற்கின்றது. கடைக்காரரிடம் முறையிட்டால் அவர் சொல்லும் மறுமொழி ஒன்றே: “பழைய படம் ஐயா, அப்படித்தான் இருக்கும்.”

இந்த மறுமொழியை நாம் ஏற்பதற்கில்லை. பழைய படம் அப்படி இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் எஸ். எஸ். வாசனின் ‘சந்திரலேகா’ வெளிவந்தபோது, அதைக் கண்டவர்கள் மங்கலான உருவங்களைக் காணவில்லை. முப்பத்தைந்து மில்லிமீற்றர் படச்சுருளிலே பதிந்து, இருண்ட மண்டபத்தின் பெருந்திரையில் விழுந்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படம், இன்று நமது கூடத்திலுள்ள பல தொலைக்காட்சிப் பெட்டிகள் காட்டுவதைக் காட்டிலும் நுட்பமானது. வெள்ளவத்தையின் பிளாசாவிலும் றொக்சியிலும், கொட்டாஞ்சேனைச் செல்லமஹாலிலும் படம் பார்த்து வளர்ந்த மூத்தவர்கள் இதற்குச் சாட்சி. ஆகவே, மங்கியது படமன்று. நமக்குக் கிடைத்த பிரதி. அந்த மங்கல் வழியில் எங்கே வந்து சேர்ந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுதல், பணம் கொடுத்துப் படம் வாங்குவோர்க்குப் பயன்படும்.

மூன்று இறுவட்டுகள்

ஒரே படத்தின் மூன்று பிரதிகளை அண்மையில் நாம் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தோம். மூன்றும் ‘சந்திரலேகா’தான். முதலாவது, நண்பரொருவரின் அலுமாரியிற் கிடந்த வி.சி.டி. தொகுதி, நிறுவனமொன்று முறைப்படி அச்சிட்டு விற்றது. இரண்டாவது, வெள்ளவத்தைக் கடையொன்றில் அடித்து வாங்கிய டி.வி.டி.; ஒரே தட்டில் மூன்று படங்கள் அடங்கியது. மூன்றாவது, கொட்டாஞ்சேனையில் அடித்தது. வெளிநாட்டிலிருந்து ஒருவர் கொண்டுவந்த நல்ல டி.வி.டி. ஒன்றை மூலமாக வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு படம் என்ற கணக்கில் எடுத்தது.

சோதனைக்கு நாம் தேர்ந்தெடுத்தது அப்படத்தின் புகழ்பெற்ற முரசு நடனம். மாபெரும் முரசுகளின் மேல் நடனமாதர் நிரை நிரையாக ஆடுகின்றனர். முரசுகளுக்குள்ளே வீரர்கள் மறைந்திருக்கின்றனர். தூரத்திலிருந்து பார்க்கும் காட்சியில் ஒவ்வோர் உருவமும் சிறியது; எல்லா உருவங்களும் ஒரே நேரத்தில் அசைகின்றன. இறுவட்டுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை வைக்க இயலாது.

வி.சி.டி.யில் ஆடுவோர் தெரிந்தனர், முகங்கள் தெரியவில்லை. மூன்று படம் அடங்கிய டி.வி.டி.யிலோ, ஆட்டம் வேகங்கொண்டதும் திரை முழுவதும் சிறுசிறு சதுரங்களாகச் சிதறியது. நின்றதும் மீண்டும் கூடியது. பாயிலே கோலமாவு கொட்டினாற்போல் இருந்ததென்று உடனிருந்த சிறுமி ஒருத்தி சொன்னாள். நாம் இதைவிட நன்றாக வருணிக்க மாட்டோம். மூன்றாவது பிரதியில் முரசின் தோல், ஆடையின் மடிப்பு, பின்னணியிலிருந்த மதில் ஆகிய அனைத்தும் தனித்தனியே தெரிந்தன. கீறல்களுந்தாம் தெரிந்தன. ஆனால் கீறல் தெரியும் பிரதி நல்ல பிரதி என்பதைப் பலர் அறியார். கீறலையே காட்ட இயலாத பிரதி கண்ணிமையை எங்ஙனம் காட்டும்?

டி.வி.டி. என்ற பெயரைத் தாங்கிய இரண்டாவது பிரதி, பழைய வி.சி.டி.க்கும் கீழே போனது ஏன்? கணக்குப் போட்டால் விளங்கும். நமது நாட்டுத் தொலைக்காட்சி முறையில் வி.சி.டி.யின் படம் அகலத்தில் 352 புள்ளிகளும் உயரத்தில் 288 புள்ளிகளும் கொண்டது. டி.வி.டி.யின் படம் 720க்கு 576. அதாவது நான்கு மடங்கு. ஆனால் புள்ளிகள் இருந்தால் மட்டும் போதாது. அவற்றை நிரப்புவதற்குச் செய்தி வேண்டும். வி.சி.டி.யில் படத்துக்கெனச் செக்கனுக்கு ஏறக்குறைய 1,150 கிலோபிற் செய்தி ஒதுக்கப்பட்டிருக்கிறது. சாதாரண டி.வி.டி. தட்டின் கொள்ளளவு 4.7 கிகாபைற். அதில் மூன்று மணி நேரப் படம் ஒன்றை மட்டும் வைத்தால், செக்கனுக்கு ஏறத்தாழ 3,500 கிலோபிற் கிடைக்கும், நன்று. அத்தகைய படம் மூன்றைத் திணித்தால், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 1,160தான். அதற்குள் ஒலியும் அடங்க வேண்டும். வி.சி.டி.க்குரிய தீனியைக் கொண்டு நான்கு மடங்கு பெரிய உடம்பை வளர்க்கப் பார்த்தால் அது சோர்ந்து விழாமல் என்ன செய்யும்? “ஒரே தட்டில் மூன்று படம், ஒரு படத்தின் விலை” என்ற விளம்பரத்தின் உட்பொருள் இதுதான்.

மழை, புகை, நீரலை, தீபங்கள் நிறைந்த கோயிற் காட்சி, இராக்காலக் காட்சி ஆகிய இடங்களில் இக்குறை முதலில் தலைகாட்டும். நம் முன்னோர் எடுத்த படங்களில் இவற்றுக்கா பஞ்சம்? கறுப்பு வெள்ளைப் படம் என்பது பெயருக்குத்தான். அதன் அழகெல்லாம் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவேயுள்ள சாம்பல் நிறப் படிகளில் இருக்கின்றது. செய்தி குறையும்போது முதலிற் பலியாவன அந்தப் படிகளே.

இங்கே ஒரு தப்பபிப்பிராயத்தையும் நீக்கிவிடலாம். ஒளிநாடாக் காலத்தில், பிரதியிலிருந்து பிரதி எடுக்க எடுக்கப் படம் மங்கிக்கொண்டே போகும். அந்த நினைவில், இறுவட்டிலிருந்து எடுத்த இறுவட்டும் மங்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. உள்ளதை உள்ளபடியே எழுத்துக்கு எழுத்தாகப் பிரதி செய்தால், நூறாவது பிரதியும் முதற் பிரதியும் ஒன்றே. இடையில் யாராவது இடத்தை மிச்சப்படுத்தவென்று மீண்டும் சுருக்கினால்தான் கேடு வருகின்றது. எமது மூன்றாவது இறுவட்டு நன்றாயிருந்ததற்குக் காரணம் கடைக்காரரின் தனித்திறமையன்று. அவர் அதன்மேற் கை வையாமல் விட்டதே.

சட்டகத்துக்குள் அகப்படாத பாதங்கள்

1950ஆம் ஆண்டுகளின் தமிழ்ப் படங்கள் அகலம் 1.37, உயரம் 1 என்ற விகிதத்தில் எடுக்கப்பட்டவை. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் வடிவுக்கு மிக நெருங்கியவை. இன்றைய பெட்டிகளோ அகன்றவை. பழைய படத்தை முறைப்படி காட்டினால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். அந்தக் கறுப்பைக் கண்டதும் “காசு கொடுத்து வாங்கிய பெட்டியில் இடம் வீணாகிறதே” என்று சிலருக்கு மனம் பொறுப்பதில்லை. உடனே பொத்தானை அழுத்திப் படத்தை இழுத்து நிரப்புகின்றனர். எம். கே. தியாகராஜ பாகவதரின் முகம் பூசணிக்காயாக மாறுவது இப்படித்தான். இது இறுவட்டின் பிழையன்று. பார்ப்பவரின் கையிலுள்ள பிழை. ஒரு பொத்தானில் தீர்ந்துவிடும்.

தீராத பிழை வேறொன்று. சில வெளியீட்டாளர்கள் படத்தின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் நறுக்கி, அகன்ற திரைக்கு ஏற்றாற்போல் ஆக்கி விற்கின்றனர். இன்றைய தொலைக்காட்சி வடிவுக்கு நறுக்கினால் உயரத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 23 பங்கு போய்விடும். சினிமாஸ்கோப் வடிவுக்கு நறுக்கினால் 40 பங்குக்கு மேல் போகும். 1958இல் வந்த ‘வஞ்சிக்கோட்டை வாலிப’னில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டியிட்டு ஆடும் நடனத்தை நினைத்துப் பாருங்கள். அதில் உயரத்தின் கால்பங்கை எடுத்துவிட்டால் எஞ்சுவது என்ன? தலையை விடுவதா, பாதத்தை விடுவதா என்ற இக்கட்டில் நறுக்குபவர் பாதத்தை விட்டுவிடுகிறார். ஜதி கேட்கின்றது, அதை மிதிக்கும் கால் இல்லை. பரதம் பயிலும் மாணவியர்க்குக் காட்டவென்று இத்தகைய பிரதியை வாங்கிய ஆசிரியை ஒருவர் அடைந்த ஏமாற்றத்தை நாம் நேரிற் கண்டோம்.

சுருதி ஏறிய பாகவதர்

ஒலியின் குறையைப் படத்தின் குறையைவிட மெதுவாகவே உணர்கிறோம். ஆனால் நம்மவர்க்கு அது பெருங்குறை. பழைய தமிழ்ப் படத்தின் உயிர் பாட்டில் இருக்கின்றது.

திரைப்படம் செக்கனுக்கு 24 சட்டகங்களாக ஓடுவது. நமது நாடு கைக்கொண்ட தொலைக்காட்சி முறையில் செக்கனுக்கு 25. இரண்டையும் இணைப்பதற்குப் பெரும்பாலும் கையாளப்பட்ட எளிய வழி, படத்தைச் சற்று வேகமாக ஓட்டிவிடுவதே. மூன்று மணி நேரப் படம் ஏழு நிமிடங்கள் முன்னதாக முடியும். அதனாற் பெரிய நட்டமில்லை. ஆனால் ஒலியும் அதே அளவில் விரைவதால் சுருதி ஏறிவிடுகின்றது. ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் இடையிலுள்ள தூரத்தில் பத்தில் ஏழு பங்கு ஏறும். உச்சஸ்தாயிக்கே பெயர்பெற்றவர் பாகவதர். அவரை இன்னும் மேலே தள்ளினால் குரலின் கனம் போய், சிறு பிள்ளையின் குரல்போல் ஆகிவிடுகிறது. வயலின் பயிலும் பிள்ளைகள் இறுவட்டோடு சேர்ந்து வாசிக்க முயன்று, தந்தி எந்தச் சுருதிக்கும் அமையவில்லையே என்று திகைப்பதன் காரணமும் இதுவே. தவறு தந்தியில் இல்லை.

இன்னொரு கேடு, ‘சுத்திகரிப்பு’ என்ற பெயரில் வருவது. பழைய படச்சுருளின் ஓரத்தில் ஒளிக்கோடாக ஒலி பதிந்திருக்கும். அக்கோட்டின்மேல் விழும் தூசியும் கீறலும் இரைச்சலாகக் கேட்கும். கணினியைக் கொண்டு அந்த இரைச்சலை நீக்கலாம். ஆனால் அளவு மீறி நீக்கினால், இரைச்சலோடு ஒரே உயரத்தில் வாழும் நல்ல ஒலிகளும் கூடவே போய்விடும்: மிருதங்கத்து வலந்தலையின் நாதம், சலங்கையின் கலகலப்பு, ‘ச’கரத்தின் கூர்மை. போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோற் கேட்கும் பாட்டுக்கள் இவ்வாறு உண்டானவை. சிறிது இரைச்சல் இருந்தாலும் நாதம் உள்ள பிரதியே மேல் என்பது நம் கட்சி. இளைஞர் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் காது சுத்தத்துக்குப் பழகிவிட்டது.

‘ஐந்து ஒலிபெருக்கி ஒலி’ என்று உறையில் அச்சிட்டிருப்பதைக் கண்டும் மயங்க வேண்டாம். அக்காலப் படங்களின் ஒலி ஒற்றைத் தடத்தில் அமைந்தது. 2012 மார்ச்சில் ‘கர்ணன்’ (1964) கணினி முறையிற் புதுப்பிக்கப்பட்டுத் தமிழகத் திரையரங்குகளில் மீண்டும் வெளியாகி வெற்றி பெற்றதைத் தொடர்ந்து, ‘திருவிளையாடல்’, ‘பாசமலர்’ முதலிய படங்களும் புத்துருக் கொண்டன. பணமும் காலமும் செலவிட்டுச் செய்யும் அத்தகைய வேலையை நாம் குறைகூறவில்லை. ஒற்றைத் தடத்தைக் கணினியின் ஒரு சொடுக்கிலே ஐந்தாகப் பிரித்துவிட்டு, எதிரொலியைச் சேர்த்து விற்பதையே சொல்கிறோம். கிணற்றுக்குள்ளே கச்சேரி வைத்ததுபோல் ஆகிவிடுகிறது.

இவ்விடத்தில் நமது வானொலியை நினையாதிருக்க முடியாது. இலங்கை வானொலியின் இசைத்தட்டுக் களஞ்சியம், அழிந்துபோன படங்களின் பாட்டுக்களைக்கூடக் காத்து வைத்ததென்று பெயர் பெற்றது. ஆனால் 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டும்; ஆகவே தட்டுக்காகப் பாட்டைச் சுருக்கிப் பாடியதுண்டு. படத்தில் உள்ளதும் தட்டில் உள்ளதும் எப்போதும் ஒன்றல்ல. ஒன்றைக் கொண்டு மற்றதை நிரப்பிவிடலாம் என்று எண்ணக்கூடாது.

அமெரிக்காவிலும் இதே கதை

சொல்லி வைத்துப் படம் வாங்குவது நமது கடைத்தெருவின் வழக்கம் மட்டுமன்று. 2009 மார்ச்சில் அமெரிக்காவின் வார்ணர் நிறுவனம் தனது பழைய படங்களில் 150ஐத் தெரிந்து, யாராவது கேட்டால் மட்டும் ஒரு தட்டு அடித்து அனுப்புவது என்ற முறையைத் தொடங்கிற்று. தொழிற்சாலையில் அச்சு வார்த்துத் தட்டு அமுக்குவதென்றால் ஆயிரக்கணக்கில் விற்க வேண்டும். சில நூறு பேர் மட்டும் விரும்பும் படத்துக்கு அது கட்டாது. வேறு பெரிய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன.

அங்கும் இதே முறைப்பாடுதான் எழுந்தது. பணம் கொடுத்தவர்கள், “அடித்த தட்டு மட்டம், அமுக்கிய தட்டு உயர்ந்தது” என்று வாதிட்டனர். ஆனால் படத்தின் தெளிவு அதைப் பொறுத்ததன்று. படச்சுருளிலிருந்து புதிதாக எடுத்த படங்கள் அடித்த தட்டிலும் அருமையாக இருந்தன. தொலைக்காட்சிக்கென்று முன்னொரு காலத்தில் எடுத்து வைத்த நாடாவிலிருந்து இறக்கியவை மங்கலாகவே வந்தன. 2012இல் ஃபொக்ஸ் நிறுவனம் தொடங்கிய வரிசையில், சினிமாஸ்கோப் படங்கள் சில பழைய தொலைக்காட்சி வடிவுக்கு இரு பக்கமும் நறுக்கப்பட்டே வந்தன, வாங்கியோர் வெகுண்டனர். நாம் மேலும் கீழும் இழக்கிறோம். அவர்கள் இடமும் வலமும் இழந்தார்கள்.

அடித்த தட்டுக்கும் அமுக்கிய தட்டுக்கும் வேற்றுமை உள்ளது ஆயுளிலே. அமுக்கிய தட்டில் செய்தி குழிகளாகப் பதிகின்றது. அடித்த தட்டிலோ சாயப்படலம் ஒன்றின்மேல் ஒளிக்கதிர் சுட்ட தடமாகவே நிற்கின்றது. வெயிலும் வெப்பமும் அச்சாயத்தை வெளுப்பிக்கும். ஆனாலும் அமுக்கியது அழியாவரம் பெற்றதன்று. 2006 முதல் 2008 வரை அமுக்கிய தட்டுகள் சில தாமாகவே கெட்டுப்போயின என்று வார்ணர் நிறுவனமே 2025இல் ஒப்புக்கொண்டது.

கடற்காற்று வீசும் வெள்ளவத்தையில் இறுவட்டு வைத்திருப்போர் இதைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். தட்டைச் சன்னலோரம் வையாமல், அலுமாரிக்குள் உறையோடு நிமிர்த்தி வைத்தல் நன்று. மேற்பக்கத்தில் குமிழ்முனைப் பேனாவால் அழுத்தி எழுதினால் உள்ளேயுள்ள படலம் காயப்படும். ஒட்டுத்தாள் ஒட்டினால் சுழலும்போது தட்டு ஆடும். ஐந்தாறு ஆண்டுகளுக்கொருமுறை கணினியிற் போட்டு, உள்ளபடியே வேறொரு சேமிப்புக் கருவியில் இறக்கி வைப்பது எல்லாவற்றிலும் மேலானது.

கடையிற் கேட்க வேண்டிய கேள்வியும் இப்போது தெளிவாகின்றது. “படம் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வரக்கூடாது. “எதிலிருந்து எடுத்தது?” என்று கேட்க வேண்டும். தொலைக்காட்சியில் ஓடியபோது பிடித்ததா, நிறுவனத்தின் டி.வி.டி.யா, பழைய ஒளிநாடாவா? ஒரு தட்டுக்கு ஒரு படம் போதும் என்று சொல்லிவிட வேண்டும்; தட்டின் விலை என்ன பெரிது! இயன்றால் கடையிலேயே ஒரு பாட்டையும் ஓர் இராக் காட்சியையும் ஓடவிட்டுப் பார்க்கலாம். முறைப்படி வெளியான பிரதி கிடைக்குமாயின் அதை வாங்குவதே நியாயம். உரிமையுடையார்க்கும் அதனால் ஏதேனும் போய்ச் சேரும். இந்தியாவில் மோசர் பேயர் நிறுவனம் 2007 முதல் மிகக் குறைந்த விலையில் பழைய தமிழ்ப் படங்களையும் வெளியிட்டது. நிறுவனம் மூடப்பட்டுவிட்டது; அந்தத் தட்டுகள் இன்னும் பல வீடுகளில் உள்ளன. திரைப்படமொன்று முதலில் வெளியானதிலிருந்து 70 ஆண்டுகளுக்கு நமது நாட்டின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டம் பாதுகாப்பளிக்கின்றது என்பதையும் மாணவர்கள் அறிந்திருத்தல் நல்லது.

நிற்க. இதுவரை கூறியதெல்லாம் எங்கேனும் ஒரு நல்ல மூலம் இருக்கின்ற படங்களைப் பற்றியது. மூலமே இல்லாத படங்களும் உண்டு. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ இன்று எங்குமே இல்லை. அது சென்னையின் இழப்பு. நமக்கு நம்முடைய இழப்பு இருக்கின்றது.

1962இல் 16 மில்லிமீற்றர்ச் சுருளில் எடுக்கப்பட்ட ‘சமுதாயம்’ தொடங்கி, ‘தோட்டக்காரி’ (1963), ஷேக்ஸ்பியரின் ஹம்லெற்றைத் தழுவிய ‘கடமையின் எல்லை’ (1966), ‘குத்துவிளக்கு’ (1972), வானொலி நகைச்சுவையிலிருந்து பிறந்த ‘கோமாளிகள்’ (1976), தர்மசேன பத்திராஜா இயக்கிய ‘பொன்மணி’ (1977), செங்கை ஆழியானின் நாவலைக் கொண்ட ‘வாடைக்காற்று’ (1978) என்று இலங்கையில் எடுத்த தமிழ்ப் படங்களின் வரிசை ஒன்றுண்டு. தென்னிந்தியப் படங்களின் பகட்டுக்கு முன்னே இவை ஏழைப் படங்களாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் நம் ஊர்த் தெருவும், நம் கடற்கரையும், நம் பேச்சும் திரையில் தோன்றியது இவற்றிலேதான்.

1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்த நாட்களில், ஹெந்தளையில் கே. குணரத்தினத்துக்குச் சொந்தமாயிருந்த விஜயா ஸ்ரூடியோவும் எரிக்கப்பட்டது. அங்கு வைக்கப்பட்டிருந்த திரைப்பட நெகட்டிவுகளும் சாம்பராயின. அவற்றிற் சிங்களப் படங்கள் மிகப்பல. தமிழனின் கலைக்கூடத்தை எரிக்க வந்தவர்கள் தங்கள் மொழியின் செல்வத்தையும் சேர்த்தே எரித்தார்கள்.

மூலம் போனபின், எஞ்சியிருக்கும் பிரதியே மூலம் ஆகிவிடுகின்றது. லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் ‘நிதானய’ (1972), மார்ட்டின் ஸ்கோர்செசி நிறுவிய உலகத் திரைப்படத் திட்டத்தின் துணையுடன் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரத்து ஆய்வுகூடத்தில் 2013இற் புதுப்பிக்கப்பட்டது. சுமித்திரா பீரிஸின் ‘கெஹெனு லமய்’ (1978) புத்துருப் பெற்று 2025இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. எங்கோ ஒரு களஞ்சியத்தில், யாரோ ஒருவர் ஒரு பிரதியை எறியாமல் வைத்திருந்தாலன்றி இத்தகைய காரியம் நடவாது.

நம் தமிழ்ப் படங்களின் பிரதிகள் எங்கே இருக்கக்கூடும்? பெரிய களஞ்சியங்களில் மட்டும் தேடினாற் போதாது. 1980ஆம் ஆண்டுகளில் ‘டெக்’ வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்த வீடுகளின் பரண்களில், கொட்டாஞ்சேனையில் மூடிய வீடியோக் கடையொன்றின் பின்னறையில், இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் புலம்பெயர்ந்தவர் கொண்டுபோன பெட்டிகளின் அடியில் அவை கிடக்கலாம். அத்தகைய ஒளிநாடாவின் தெளிவு டி.வி.டி.யின் பாதியும் வராது. படம் நடுங்கும், ஒலி கரகரக்கும். முற்பகுதியில் நாம் அடுக்கிய குறைகளெல்லாம் அதில் இருக்கும். ‘சந்திரலேகா’ அப்படியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கேட்கலாம். ‘கோமாளிக’ளுக்கு அப்படிச் செய்ய இயலாது.

ஆகையால், வீட்டில் அத்தகைய நாடா ஒன்று அகப்பட்டால் அதை உடனே பெட்டியிற் போட்டு ஓட்டிப் பார்த்தலாகாது. கொழும்பின் ஈரத்தில் நாடாவின் ஓரத்தில் வெண்பூஞ்சணம் படிந்திருக்கும். அது ஒளிநாடாப் பொறியின் தலையில் ஒட்டி, நாடாவையும் கெடுத்து, அடுத்துப் போடும் நாடாவுக்கும் தொற்றும். பழகிய கையால் முதலிற் துப்புரவு செய்வித்து, ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றி இறுக்கந் தளர்த்தி, அதன் பின்பே பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யும் கடைக்காரரிடம் “அழகுபடுத்த வேண்டாம், சுருக்க வேண்டாம், நாடாவில் உள்ளதை உள்ளபடி தாருங்கள்” என்று சொல்லிவிட வேண்டும். இரைச்சலை நீக்குவதும் நிறத்தைத் திருத்துவதும் பின்னர் எப்போதும் செய்யக்கூடியவை. பதிவு முடிந்ததும் நாடாவை எறிந்துவிடாமல், படத்தின் பெயரும் ஆண்டும் எழுதி உறையிலிட்டு வைத்துவிட்டு, பதிவின் பிரதி ஒன்றை வேறோர் ஊரிலுள்ள உறவினர் வீட்டிலும் வைப்பிக்கலாம். வெள்ளவத்தையில் ஒன்று, யாழ்ப்பாணத்தில் ஒன்று.